கோவையிலிருந்து ஹெமிஸ்: பனிச்சிறுத்தை மலைக்குப் போகத் திட்டமிடுவது எப்படி

லடாக்கில், லே நகருக்கு எதிரே, சிந்து ஆற்றின் தென்கரையிலிருந்து மேலேறுகிறது ஹெமிஸ் தேசியப் பூங்கா. 1981-இல் அறிவிக்கப்பட்டது, பின்னர் விரிவாக்கப்பட்டது. இப்போதைய பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர், அதாவது கோவை மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் முதுமலை, டாப்சிலிப் போல வண்டியில் உட்கார்ந்து சுற்றிவரும் ஏற்பாடு இங்கே கிடையாது. மரம்கூட ஆற்றோரத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் பாறை, பனி, பள்ளத்தாக்கு, இடையிடையே ஒரு சில வீடுகள் கொண்ட ஊர்கள். அந்த வீடுகளில் தங்கி, நடந்து, காத்திருந்து பார்க்க வேண்டும்.

எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று பார்த்து அதற்குள் பயணத்தை அடக்குவது நம் பக்கம் வழக்கம். ஹெமிஸுக்கு அது ஒத்துவராது. கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர், லே 3,500 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆகவே உயரத்துக்குப் பழக எத்தனை இரவு வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, மிச்சத்தை அதைச் சுற்றி அடுக்குங்கள். போய்விட்டுப் பாதியில் திரும்புகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டவர்கள்தான்.

எந்த மாதம்

பள்ளி விடுமுறை ஏப்ரல், மே என்பதால் குடும்பங்கள் முதலில் கேட்பது அந்த இரண்டு மாதத்தைத்தான். ஹெமிஸுக்கு அவை இரண்டுங்கெட்டான் மாதங்கள். கணவாய்களில் பனி இன்னும் கிடக்கும், அதே நேரம் கீழே பனி உருகிச் சேறாகத் தொடங்கியிருக்கும். சிறுத்தையோ மேலே ஏறியிருக்கும்.

பனிச்சிறுத்தை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜனவரி கடைசி முதல் மார்ச் நடு வரை. அது இணைசேரும் பருவம், அதோடு பனி மூடியதால் நீலச்செம்மறி என்னும் காட்டு ஆடுகள் கீழே இறங்கிவரும், அவற்றின் பின்னால் சிறுத்தையும் இறங்கும். ஆனால் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் போன்ற ஊர்களில் இரவுக் குளிர் மைனஸ் 20 டிகிரியைத் தொடும். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிப்போகும் பருவம் இதல்ல.

நடைப்பயணமே போதும் என்றால் ஜூன் நடு முதல் செப்டம்பர் நடு வரை. நமக்குத் தென்மேற்குப் பருவமழை பெய்யும் அதே மாதங்களில் லடாக் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பால் வந்த வெள்ளத்தில் பலர் இறந்தார்கள். எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் பள்ளத்துக்குள் கூடாரம் போடாதீர்கள்.

நாள் கணக்கு

மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், முந்தைய நாள் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓர் இரவு அதே உயரத்தில் தங்க வேண்டும். விமானத்தில் லேயில் இறங்கும்போதே இந்த விதியை மீறிவிடுகிறோம். அதனால்தான் லேயில் குறைந்தது மூன்று இரவு.

குளிர்காலத் திட்டம் ஒன்று இப்படி அமையும். முதல் நாள் கோவையிலிருந்து டெல்லி. இரண்டாம் நாள் காலை லே. அன்று முழுக்க அறையிலேயே படுக்கை. மூன்றாம் நாள் கடைத்தெரு வரை மெதுவான நடை. நான்காம் நாள் காரில் ஷே, திக்சே மடாலயங்கள், இரண்டும் லேயின் உயரத்தை ஒட்டியவைதான். ஐந்தாம் நாள் ஜிங்சென் வரை வண்டி, பிறகு ரும்பக். ஆறு முதல் ஒன்பது வரை ரும்பக்கிலேயே. பத்தாம் நாள் லே. பதினொன்று உபரி. பன்னிரண்டாம் நாள் டெல்லி. இதில் வெட்டத் தோன்றும் நாள்கள் மூன்றாவதும் பதினொன்றாவதும். அந்த இரண்டையும் மட்டும் தொடவே தொடாதீர்கள்.

இரண்டாம் நாளே கர்துங் லா கணவாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்று டாக்சிக்காரர்கள் கேட்பார்கள். அது 5,359 மீட்டர். லேயில் இறங்கிய மறுநாள் அங்கே போய் வந்து, அன்றிரவே ஆஸ்பத்திரியில் படுப்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு.

கோடையில் மார்க்கா பள்ளத்தாக்கு வழி பிரபலம்: சில்லிங், ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர், நிமலிங், பிறகு கொங்மாரு லா கணவாயைத் தாண்டி ஷாங் சும்தோ. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹங்கர் சுமார் 4,000 மீட்டர், நிமலிங் 4,800. ஒரே நாளில் 800 மீட்டர் ஏறிப் படுத்தால் அந்த இரவு பலருக்கும் தலை பிளக்கும். இடையில் தச்சுங்சே என்ற முகாமில் ஓர் இரவு நிற்கச் சொல்லுங்கள். பல திட்டங்களில் செலவைக் குறைக்க அந்த இரவைத்தான் வெட்டியிருப்பார்கள். கணவாயே 5,200 மீட்டருக்கு மேல். முதல் தடவை போகிறவர்கள் மார்க்கா வரை போய் அதே வழியில் திரும்பினாலும் குறை ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கின் அழகு முழுக்கக் கீழேதான் இருக்கிறது. சில்லிங்கைத் தாண்டியும் இப்போது சாலை உள்ளே போய்விட்டது. நடை எந்த ஊரில் தொடங்குகிறது என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போகும் வழி

குளிர்காலத்தில் பனியால் சாலைகளை நம்ப முடியாது, எனவே விமானம்தான். கோவையிலிருந்து டெல்லிக்கு நேரடி விமானங்கள் உண்டு. ரயிலென்றால் கேரளா எக்ஸ்பிரஸ் தினமும், கொங்கு எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை. டெல்லியிலிருந்து லேக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும் என்பதால் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே. ஆகவே முந்தைய இரவு டெல்லியில் தங்கித்தான் ஆக வேண்டும். சன்னலோர இருக்கை கேட்டு வாங்குங்கள், இமயமலைத் தொடரைக் குறுக்காகத் தாண்டும் பயணம் அது.

கோடையில் நேரமிருந்தால் இன்னொரு வழியைப் பரிந்துரைப்போம். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை கோவை, ஈரோடு வழியாகக் காத்ரா வரை போகிறது, ஏறக்குறைய மூன்று நாள். 2025 ஜூன் முதல் காத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் ஓடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து லே சுமார் 420 கிலோமீட்டர். நடுவில் கார்கிலில் ஓர் இரவு, அது 2,700 மீட்டருக்குள்தான். படிப்படியாக ஏறுவதால் விமானத்தில் இறங்குகிறவர்களைவிட உடம்பு நன்றாகவே பழகியிருக்கும். மணாலி வழி அப்படியல்ல. அதில் ஒரே மூச்சில் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள் வருகின்றன. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

உயர நோய்

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அளவுமீறிய அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் போதவில்லை, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அறிகுறி இருக்கும்வரை மேலே ஏறக் கூடாது. நின்ற இடத்திலேயே கூடினால் இறங்க வேண்டும், இரவானாலும் சரி.

உயிருக்கு ஆபத்தானவை இரண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலும் நெஞ்சில் கரகரப்பும் வந்தால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது. பேச்சு குழறி நடை தள்ளாடினால் மூளை வீங்குகிறது. சந்தேகம் வந்தால் தரையில் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியாமல் சாய்கிறவரை உடனே கீழே இறக்க வேண்டும், தனியாக விடக் கூடாது. லேயில் எஸ்.என்.எம். அரசு மருத்துவமனை இருக்கிறது. இத்தகைய நோயாளிகளைப் பார்த்துப் பழகிய இடம்.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி எல்லோரும் கேட்பார்கள். வழக்கமான தடுப்பு அளவு காலை 125, மாலை 125 மில்லிகிராம், ஏறுவதற்கு முந்தைய நாள் தொடக்கம். கடையில் பெரும்பாலும் 250 மில்லிகிராம்தான் கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். விரல்நுனி மரத்துக் கூசும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா குடித்தால் சப்பென்றிருக்கும். இவை பயப்பட வேண்டியவை அல்ல. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் ஊரிலேயே மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்களுக்கு அது கட்டாயம். இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் கொண்டுபோனால் அதில் 90-க்குக் கீழே எண் வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம், லேயில் அது சகஜம். எண்ணைவிட அறிகுறிதான் முக்கியம். முதல் மூன்று நாள் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

ஊட்டியில் இரண்டு நாள் தங்கிப் பழகிக்கொண்டு போகலாமா என்ற யோசனை நிறையப் பேருக்கு வருகிறது. 2,240 மீட்டர் இதற்குப் போதாது, கீழே இறங்கிய சில நாளில் அந்தப் பழக்கமும் போய்விடும். அதேபோல, நன்றாக ஓடுகிறவருக்கு உயர நோய் வராது என்பதும் தவறு. வேகமாக ஏற முடிகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

உடற்பயிற்சி ஏறுவதற்கான பலத்துக்காக. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். சென்னிமலையின் 1,320 படிகளை முதுகில் ஆறேழு கிலோ பையோடு வாரம் இரண்டு தடவை ஏறி இறங்கினால் போதும். முழங்கால் எப்படி இருக்கிறது என்பது இறங்கும்போதுதான் தெரியும்.

துணிமணியும் காலணியும்

குளிரில் துன்பம் தருவது பருத்தி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நடை நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுக்கும். ஆகவே திருப்பூர்க்காரர்களுக்கு வருத்தமாக இருந்தாலும் பருத்தி பனியனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே போட மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை இரண்டு செட், அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் இறகு ஜாக்கெட், கடைசியாகக் காற்றும் நீரும் புகாத மேலுறை. காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தில் தேடிப் பார்க்கலாம். துணியைத் தடவிப் பார்த்து வாங்காமல் உள்பக்க லேபிளைப் படியுங்கள். இறகு ஜாக்கெட், தூக்கப்பை போன்ற விலை கூடியவை லேயில் வாடகைக்குக் கிடைக்கும். தூக்கப்பையை விரித்து ஜிப்பைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

ஏறும்போது இறகு ஜாக்கெட் போடக் கூடாது. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். நின்றவுடன் ஜாக்கெட்டை எடுத்து மாட்டுங்கள்.

காலணி கணுக்காலை மூட வேண்டும், தடிமனான காலுறைக்கு இடம்விட்டு ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும். கால் இறுகினால் இரத்தம் ஓடாது, விரல் மரத்துப்போகும். குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்து பழகுங்கள். பழைய ட்ரெக்கிங் ஷூ அலமாரியில் இருக்கிறதே என்று எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க: பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர் ஈரக்காற்றில் போடாமலே உளுத்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், இரண்டாம் நாள் நடையில் அடி தனியாகக் கழன்று கையோடு வரும். கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ தூக்கிப்போடுங்கள்.

மெல்லிய கையுறை ஒன்று, அதன்மேல் தடித்தது ஒன்று. புறஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி, எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் களிம்பு. பனியில் பட்டுத் திரும்பும் வெயிலில் மூக்கின் அடிப்பக்கம்கூடக் கன்றும். தேங்காய் எண்ணெயை நம்பிப் போகாதீர்கள், 24 டிகிரிக்குக் கீழேயே கட்டியாகிவிடும். உதட்டுக்கும் கைக்கும் வாசலின் போதும்.

தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். குழாய் வைத்த நீர்ப்பையில் குழாய்தான் முதலில் உறையும். வாயகன்ற பாட்டிலைப் பையில் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேற்பரப்பில்தான் கட்டும், நிமிர்த்தினால் வாய்ப்பக்கம் தண்ணீராகவே இருக்கும். இரவில் அதே பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் தூக்கப்பையின் கால்பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

தங்கும் வீடு

ரும்பக் பக்கம் வீட்டுத்தங்கல் 2000-களின் தொடக்கத்தில், பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பின் முயற்சியில் உருவானது. பட்டிக்குள் புகுந்த சிறுத்தை ஒன்றோடு நிற்காது, ஒரே இரவில் ஆடுகளை வரிசையாகக் கொன்றுவிடும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய் புகுந்த பட்டியைக் காலையில் பார்த்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் கோபம் விளக்காமலே புரியும். அப்படிக் கோபத்தில் சிறுத்தையைக் கொன்றுவந்த ஊர்களில், பட்டியின் திறந்த கூரைக்குக் கம்பிவலை போட்டுக் கொடுத்தார்கள், விருந்தினரால் வருமானம் வர வழிசெய்தார்கள். நீங்கள் கொடுக்கும் தங்கும் கட்டணம் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. எனவே பேரம் பேச வேண்டாம். ரும்பக்கில் விருந்தினர் முறைவைத்து வீடுகளுக்குப் போவார்கள், இந்த வீடுதான் வேண்டும் என்று கேட்கவும் வேண்டாம்.

தரையில் மெத்தை, கனமான ரஜாய் போர்வை, நடுக்கூடத்தில் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு. அடுப்பு இரவில் அணைந்துவிடும், அணையத்தான் வேண்டும். மூடிய அறையில் கேஸ் ஹீட்டரோ கரியோ எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொன்றுவிடும்.

கழிப்பறை உலர் கழிப்பறை. மேல்தளத்தில் தரையில் ஒரு துவாரம், பக்கத்தில் மண்ணும் சாணத்தூளும் குவித்து ஒரு மண்வாரி. முடித்தபின் இரண்டு வாரி மண் தள்ளிவிட வேண்டும். அது மட்கி வயலுக்கு எருவாகப் போகிறது. ஆகவே உள்ளே தண்ணீர் ஊற்றவோ, பிளாஸ்டிக், ஈரத்துடைப்பான், நாப்கின் போடவோ கூடாது. அவற்றைத் தனிப்பையில் கட்டி லே வரை திரும்பக் கொண்டுவாருங்கள்.

சாப்பாடு பார்லி மாவு, ரொட்டி, சோறு, பருப்பு, துக்பா சூப், உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பதால் பரிமாறத் தாமதமாகும். பருப்புப்பொடி, கடலை மிட்டாய், எள்ளுருண்டை கொண்டுபோங்கள். மிட்டாயை வீட்டிலேயே சிறு துண்டாக உடைத்துச் சட்டையின் உள்பையில் வையுங்கள், வெளிப்பையில் கல்லாக இறுகிப் பல்லைப் பதம்பார்க்கும்.

சிறுத்தையைத் தேடுவது

2024-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள், அதில் 477 லடாக்கில். ஆனாலும் நான்கு நாளில் கட்டாயம் பார்ப்பீர்கள் என்று யாராவது உறுதி சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். விடிந்ததும் அவர் ஸ்கோப் என்னும் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, மலைவிளிம்பு வானத்தைத் தொடும் கோட்டை இடமிருந்து வலமாக நகர்த்திப் பார்ப்பார், பிறகு அதற்குக் கீழே அடுத்த வரிசை. பாறைமேல் அசையாமல் படுத்திருக்கும் சிறுத்தை வெறும் கண்ணுக்குப் பாறைதான். நீங்களும் 8x42 பைனாகுலரால் செம்மறிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். மேய்ச்சலை நிறுத்தி எல்லாம் ஒரே திசையில் விறைத்து நின்றால் உடனே அவரிடம் சொல்லுங்கள். அண்டங்காக்கையும் கழுகும் ஓரிடத்தில் இறங்கினாலும் சொல்லுங்கள். வேட்டை விழுந்த இடத்தில் சிறுத்தை இரண்டு மூன்று நாள் சுற்றிக்கொண்டிருக்கும். தெரிவது பெரும்பாலும் அரை கிலோமீட்டருக்கு அப்பால். நெருங்கிப் போய்ப் படமெடுக்க முயன்றால் இரையை விட்டுவிட்டு ஓடிவிடும், அந்தக் குளிரில் அடுத்த இரை எப்போது என்று தெரியாது. நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

கேமரா பேட்டரிகள் குளிரில் சட்டென்று இறங்கும். உபரியை உடம்போடு வையுங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையுமுன் கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் லென்ஸுக்குள் ஈரம் படியும்.

போன், பணம், தாள்கள்

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேண்டும், அதுவும் லேயைத் தாண்டினால் நம்ப முடியாது. அனுமதியில்லாத சாட்டிலைட் போனும், சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கருவியும் இந்தியாவில் சட்டவிரோதம், வெளிநாட்டு உறவினர் கொடுத்தாலும் கொண்டுபோகாதீர்கள். நடைவழி ஊர்களில் ஏ.டி.எம். கிடையாது. நெட்வொர்க் இல்லாத ஊரில் யு.பி.ஐ. ஓடாது, நூறு இருநூறு நோட்டாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், கேஸ் அடுப்பு சிலிண்டர் விமானத்தில் எதிலும் போகாது. ஆதார் அசலும் நாலைந்து ஜெராக்ஸும் எடுத்துப்போங்கள். பூங்கா நுழைவுக் கட்டணத்தை வழிகாட்டி மூலம் கட்டினாலும் ரசீதை நீங்களே வாங்கி வையுங்கள். காப்பீடு எடுத்தால் மலைநடையும் அதன் உயர வரம்பும் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு எடுங்கள்.

திரும்பும் டிக்கெட்டில் ஒரு வலை இருக்கிறது. லே–டெல்லி ஒரு கம்பெனியிலும் டெல்லி–கோவை வேறொன்றிலும் தனித்தனியாக, ஒரே நாளில் போடுவார்கள். லேயில் பனியோ மேகமோ வந்து விமானம் ரத்தானால் முதல் கம்பெனி அந்த டிக்கெட்டுக்கு மட்டும்தான் பொறுப்பு, கோவை டிக்கெட் போனது போனதுதான். ஒரே பதிவில் இரண்டையும் போடுங்கள், அல்லது டெல்லியிலிருந்து மறுநாள் மாலை கிளம்பும்படி வையுங்கள். ரத்தானால் அன்றே லே விமான நிலையக் கவுன்ட்டரில் நேரில் நின்று அடுத்த நாள் இருக்கையை வாங்குங்கள், போனில் காத்திருந்தால் இருக்கை தீர்ந்துவிடும்.